கயிறு கட்டி இழுத்த வண்டி

வியட்நாமில் சைகோனுக்கு வெளியே, கூச்சி என்ற வட்டாரத்தில் நான் இருந்த செங்கல் சூளையை மூடிவிட்டார்கள். போர் முடிந்து சில வருடங்களான நேரம். வேறு வேலை தேடி நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

வழியில் இரண்டு கதவு வைத்த பழைய பிரெஞ்சுக் கார் ஒன்று நின்றது. அதன் பின்னால், நெல் அரைக்கும் எஞ்சினை ஏற்றிய நாலு சக்கரத் தள்ளுவண்டி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. காரைக்கால்காரரான அதன் சொந்தக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் கூப்பிட்டார்.

"அந்த வண்டில முன்னால உக்காந்து கைப்பிடியப் புடிச்சுக்க தம்பி. டவுனுக்குள்ள, சோலோன்ல எறக்கிவிடுறேன்."

"கயித்துக்குப் பதிலா இரும்புத்தண்டு போடலையா நானா?" என்றேன். அவர் ஊர்ப் பக்கம் அண்ணனை நானா என்பார்கள்.

"பம்பர் கீறிடும். சண்டைக்கு முந்தி வாங்குன காரு."

ஏறி உட்கார்ந்தேன். வழியில் ஒரு பாலத்து இறக்கத்தில் கயிறு தொய்ந்தது. வண்டி காரை நோக்கி ஓடியது. தொங்கிய என் கால்கள் பம்பருக்கு நேராக இருந்தன. அவர் பிரேக்கை மிதித்தால் நசுங்கிவிடும்.

"நிறுத்தாதீங்க நானா, வேகமா ஓட்டுங்க" என்று கத்தினேன்.

ஓட்டினார். சமதரை வந்ததும் கயிறு மறுபடி விறைத்தது. மெல்ல நிறுத்தி இறங்கி வந்து, முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார்.

"என் காலும் நல்லா இருக்கு நானா" என்றேன்.

சிரித்துவிட்டார். "நாளைக்கும் வர்றியா?"

"தண்டு போட்டா வர்றேன்."

கயிறு இழுக்கும், தடுக்காது. தண்டு மாட்டாத வண்டியில் அதற்குப் பிறகு நான் ஏறியதே இல்லை. மறுநாள் காலை அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலையாக, தண்டு மாட்ட அந்தப் பம்பரில் துளை போட்டேன்.