நாங்க வாங்குன ரீலு

எங்கள் வீட்டில் தினமும் நல்ல தண்ணீரில் குளித்தது ஒரே ஆள்தான். மாமாவின் தூண்டில் ரீல். எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு உப்பு. மணல்மேட்டுக்கு அங்கிட்டு ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு அம்மா குடம் நிரப்பி வருவாள். அதில் ஒரு செம்பு அந்தப் பித்தளைச் சாமானுக்குப் போய்விடும். எனக்கு வயிறு எரியும். என் தலைக்கு உப்புத் தண்ணீர், அதற்கு மட்டும் ஊற்றுத் தண்ணீரா?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தவர், அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். வந்த கொஞ்ச நாளில் சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது, கடிதமும் நின்றது. "கடலைச் சாத்திட்டாங்க" என்றார் என்னைப் பெற்ற அத்தா. நான் அதை அப்படியே நம்பினேன். கிழக்கே வெகுதூரத்தில் கடலுக்கு ஒரு கதவு இருக்கிறது, அதைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள், மாமா இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினால் அந்தக் கதவு தெரியும். அதன் அடி இடுக்கு வழியாக அலை மட்டும் வந்து வந்து போகும்.

பொழுது சாய்கிற நேரம் மாமா ஆற்று முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, பிரம்புக் கம்பில் ரீலைக் கட்டி, கிழக்கே பார்த்து நூலை வீசுவார். கிர்ர்ரென்று அது ஓடுகிற சத்தத்தை மணலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். நூல் கதவு வரைக்கும் போகிறது என்பது என் நினைப்பு. ஆகாயமும் தண்ணீரும் ஒரே நிறமாகி, மாமா எங்கே முடிகிறார் கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும்போது எனக்குத் தூக்கம் வந்துவிடும். வலைக்காரர்கள் வீட்டுக்குப் போகிற வழியில், "என்ன பினாங்கு, ராட்டை சுத்தியாச்சா? வேட்டிக்கு நூல் காணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்கள் நின்று கேட்டால் போதும், மாமா அதை வாங்கிய கதையை ஆரம்பித்துவிடுவார். கடைக்காரன் முதலில் வெள்ளியாட்டம் மினுங்குகிற ஒன்றைத்தான் எடுத்து வைத்தானாம். "நாங்க மயங்கல. காந்தத்தை வச்சுப் பாத்தோம், கப்புன்னு ஒட்டிக்கிச்சு. உள்ள பூராம் இரும்பு, மேல பூச்சு. உப்புக் காத்து தின்னுட்டுப் போயிரும். இந்த மங்கப் பித்தளையைக் காதுல வச்சுச் சுத்திப் பாத்தோம், கரகரப்பே இல்ல. விலையும் கம்மி. நாங்க இதையே வாங்குனோம்."

நாங்க, நாங்க! ஒத்தை ஆளுக்கு என்ன நாங்க? புதுக்கோட்டை ராசாகூட இப்படிப் பேசமாட்டார் என்று முகத்துக்கு நேராகவே சொல்வேன். மாமா சிரிப்பார். அதைவிடக் கூத்து, ரீலின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. மாமாவோ சோத்தாங்கைக்காரர், தடுமாறித்தான் சுற்றுவார். ஏன் இப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்றால், "வாங்குன கை அப்புடி" என்பார். என்ன கையோ!

வீட்டுக்கு வந்ததும் குளியல். பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்து, நூலை இழுத்துப் பிடிக்கிற திருகாணியைத் தளர்த்தி, "தூங்கு" என்று சொல்லி, அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். சண்டைக் காலத்தில் அந்த எண்ணெயும் கிடைக்காமல் போனது. அம்மாவுக்குத் தேங்காயெண்ணெயில் தீராத நோவே உலகத்தில் கிடையாது. தலைவலிக்கு அதுதான், கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். ரீலுக்கும் தாராளமாக ஊற்றிவிட்டாள்.

அது மார்கழி. மறுநாள் விடியலில், பல் கிட்டுகிற குளிரில், தூண்டிலை ஒரு கொடுவா இழுத்தது. என் உயரம் இருக்கும், சத்தியம். மாமா கைப்பிடியைத் திருகுகிறார், ரீல் அசையவில்லை. உள்ளே எண்ணெய் நெய்யாக உறைந்து கிடக்கிறது! நூல் பட்டென்று அறுந்தது. மீன் தண்ணீரில் ஒரு புரள் புரண்டு காணாமல் போயிற்று.

வீட்டில் பாயைப் போட்டு மாமா ரீலைக் கழற்றினார். சக்கரம், திருகாணி, சுருள்கம்பி எல்லாவற்றையும் துடைத்துப் பரப்பினார். மாட்டத்தான் வரவில்லை. எப்படி வைத்தாலும் ஒன்று மிஞ்சியது. வெயில் ஏறியும் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் செத்துப்போயிருந்தது. "நித்தம் இதையே கட்டிக்கிட்டுக் கெடக்கே, மாட்டத் தெரியாதாடா?" என்றாள் அம்மா.

"தொடைக்கிறதுதான்க்கா நானு. மாட்டுறதெல்லாம் அவதான்."

அம்மாவின் கை உலைமூடியிலேயே நின்றது. பினாங்கில் ரீல் மாட்டக்கூட ஒரு வேலைக்காரி வைத்திருந்தார் போலிருக்கிறது, என்ன பவுசு, என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தாள். குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரைச் சுட வைத்து ஒவ்வொன்றாக எண்ணெய் போகக் கழுவினாள். மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அன்றைக்குச் சோறே இல்லை. சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் ரீல் கிர்ர்ரென்றது. மாமா அதைக் காதோடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். போயும் போயும் ஒரு மீனுக்கா இத்தனை அழுகை என்றிருந்தது எனக்கு.

என் அழுகை அதற்கடுத்த நாள். மாமாவுக்கு அறந்தாங்கியில் பெண் பேசி, சேலைகூட எடுத்து வைத்திருந்தார்கள். எனக்கும் பட்டுப் பாவாடை உண்டு என்று பேச்சு. இனி வரவேண்டாம் என்று பெண் வீட்டுக்கு அம்மாவே ஆளனுப்பிவிட்டாள். பாவாடை போன ஆத்திரத்தில் நான் தரையில் உருண்டேன். அம்மாவுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததென்று அத்தாவிடமே கேட்டேன்.

சண்டை முடிந்து, கடலைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருநாள் சேதி வந்தது. மாமா நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறப் புறப்பட்டார். அறந்தாங்கிப் பெண்ணுக்கென்று எடுத்த சேலையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து, அதில் ரீலைப் பொதிந்து கட்டினாள். ஐயோ, புதுச் சேலை, எண்ணெய் பட்டால் போச்சே என்று எனக்குத் துடித்தது. வண்டி கிளம்பும்போது அம்மா மூட்டையை மாமாவின் மடியில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆயுசுக்கும் வாடா போடா என்றே கூப்பிட்ட தம்பிக்கு இன்றைக்கென்ன திடீர் மரியாதை? மாமா தலையை ஆட்டினார். ஒருவேளை வண்டிக்குள் இன்னொருத்தர் இருக்கிறார்களோ என்று சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தேன். மாமாவும் மூட்டையும்தான் இருந்தார்கள்.