மதகடியில் சம்பந்தி

என் கடைக்குட்டிக்கு வரன் தேடி நான் அலைந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. ஒருவழியாக மெட்ராஸில் அமைந்தது. போன வெள்ளிக்கிழமை நாள் குறிக்கச் சம்பந்தி வருகிறார் என்று வடை சுட்டு வைத்துக் காத்திருந்தால்... மனிதர் கையில் பேப்பரோடு வந்து நிற்கிறார்.

“எல்லையில தமிழருக்கும் தெலுங்கருக்கும் மோதலாமே! நாளைக்கு என் பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்து போக வேணாமா? யோசிக்கணும்மா.”

யோசிக்கணுமாமே! கைக்கு வந்த வரனை விடுவேனா?

மோதல் என்னவோ நிஜம்தான். ஏரி மதகைத் திறப்பதா, மூடுவதா என்று எங்கள் ஊருக்கும் ஆந்திரா பக்கத்து ஊருக்கும் தகராறு. நாற்று காய்ந்தால் கோபம் வராதா?

“வாங்க, கண்ணால பாத்துட்டு அப்பறம் யோசிங்க” என்று ஏரிக்கரைக்கே கூட்டிப் போனேன்.

சண்டை சூடாக இருந்தது. ஒருவன் துண்டை உதறிக்கொண்டு, “நீள்ளு மாவி, போவய்யா!” என்று கத்தினான். தண்ணீர் எங்களுடையது, போய்யா என்கிறான். எதிரில் நின்றவர் விடவில்லை — “உங்க நைனா வெட்ன ஏரியாடா இது?”

சம்பந்தி என் பக்கம் குனிந்தார். “பாத்தீங்களா, அந்தத் தெலுங்கன் எப்படிப் பாயறான்! பாவம், நம்ம தமிழன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெலுங்கில் பாய்ந்தவன் என் கூடப்பிறந்த தம்பி முனுசாமி. தமிழில் மடக்கியவர் ஆந்திரா பக்கத்து சுப்பராயலு! எங்கள் பக்கத்தில் எதிராளியின் பாஷையில்தான் திட்டுவார்கள். திட்டு போய்ச் சேர வேண்டாமா?

“அப்ப இவங்க ரெண்டு பேரும்...?”

“மாமன் மச்சானுங்க. முனுசாமி பொண்டாட்டிக்கு அண்ணன் அவரு.”

அதற்குள் முனுசாமி எங்களைப் பார்த்துவிட்டான். “பாவா, இரு இரு” என்று மச்சானை அடக்கினான். “ நம்ம பொண்ணோட மாமனார் வந்துகீறாரு. அப்பறமா கத்திக்கலாம்.”

சுப்பராயலு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். “வாங்க சாமி. கல்யாணப் பந்தல் என் செலவு. மதகு மட்டும் இவனுக்கு விடமாட்டேன்!”

பேப்பரில் அப்படி எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. தூரத்தில் இருப்பவர், தனக்குத் தெரிந்த சண்டையைத்தானே எல்லா ஊரிலும் பார்ப்பார்? பாஷை காதில் விழுகிறது. காய்ந்த நாற்று கண்ணில் படுவதில்லை.

மதகுத் தகராறு இன்னும் ஓயவில்லை. நாள் மட்டும் குறித்தாயிற்று. தாம்பூலம் மாற்றும்போது சம்பந்தி மெதுவாகக் கேட்டார், “உங்க மேல எனக்குக் கோபம் வந்தா... எந்த பாஷையில திட்டணும்?”

“எதுல வேணா திட்டுங்க சம்பந்தி. எனக்கு ரெண்டும் வந்து சேரும்!”