முக்காட்டின் ஏழாவது இலை

கட்டம் போட்ட ஒரு தாள். அதில் பச்சைப் பென்சிலால் வரைந்த கொடி, கொடிக்குப் பதினோரு இலை. பெங்களூரு பிரேசர் டவுனில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த தையல் டீச்சர், முப்பது வருடங்களுக்கு முன் என் மகளின் கல்யாண முக்காட்டுக்காக அதை வரைந்து கொடுத்தார். தாளில் ஒரு கட்டம் என்றால் நெட்டு என்கிற வலைத்துணியில் ஒரு கண். எண்ணி எண்ணித்தான் தைக்க வேண்டும். என் மனைவி தைத்தாள், நான் எண்ணினேன். இலைக்கு இருபத்து மூன்று கட்டம். ஏழாவது இலையில் மட்டும் இருபத்திரண்டு. பொறுக்காமல் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "கல்யாணத்துக்கு வர்றவங்க பிரியாணியில எத்தன பீஸ் விழுதுன்னுதான் எண்ணுவாங்க, சார். இலைய எண்ண மாட்டாங்க" என்றார்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவர் புதிதாக ஒரு கொடி வரைவார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. "தச்சு முடிச்சதும் தாள யாருக்கு வேணா குடுங்க. வித்தாலும் சரிதான். ஆனா உங்ககிட்ட காப்பி நிக்கக் கூடாது." அது நியாயமாகவே எனக்குப் பட்டது. எங்கள் மகளின் கல்யாணத்தில் அந்த முக்காட்டைப் பார்த்த மர்பி டவுன் அம்மா ஒருவர், தம் பெண்ணுக்கும் அதுவே வேண்டும் என்றார். மனைவி தாளை, நாங்கள் டீச்சருக்குக் கொடுத்ததில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா டீச்சரிடமும் போய், இனி இந்தக் கொடி வேறு எந்தப் பெண்ணுக்கும் வராதல்லவா என்று கேட்டிருக்கிறார். வராது என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

டீச்சருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தாளைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் நான் அதை ட்ரேசிங் பேப்பரில் நகலெடுத்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் வரைபடம் போடுவது என் வேலை. கை சும்மா இருக்கவில்லை. மகளின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழாவது இலைக்குக் குறைந்த கட்டத்தையும் சேர்த்தேன். மூன்றாம் மாதம், பக்கத்து மேசைக்காரர் தம் பெண்ணின் முக்காட்டுக்கு ஒரு டிசைன் கேட்டார். ஒருமுறை தைத்த பழைய டிசைன் என்று சொல்லி அந்த நகலைக் கொடுத்து, நானும் பாதி விலை வாங்கிக்கொண்டேன். எந்த மாதா கோவிலில் கல்யாணம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு பெண்களுக்கும் ஒரே கோவிலில் கல்யாணம். எட்டு நாள் இடைவெளி. மர்பி டவுன் அம்மா நேராக டீச்சர் வீட்டுக்குப் போய், தையல் கற்க வந்திருந்த பெண்கள் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார்: "எம் பொண்ணுக்குக் குடுத்த வாக்கு எட்டு நாளைக்குத்தானா, டீச்சர்?" டீச்சர் அந்த இரண்டாவது முக்காட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஏழாவது இலைய சரி பண்ணிட்டீங்க போல, சார்."

"ஒரு கண்ணு குறைஞ்சுது, டீச்சர்."

"அங்கதான் கொடி திரும்புது. ஒரு கண்ணு விடலன்னா நெட்டு இழுக்கும். அந்தப் பொண்ணுக்குக் காதுகிட்ட சுருங்கிக்கிட்டு இருக்கு."

அதோடு போய்விட்டார். "நீங்களே போயி மர்பி டவுன் அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி. நாளைக்கு, நாளைக்கு என்று பத்தொன்பது நாள் போனது. அதற்குள் டீச்சரே மர்பி டவுனுக்குப் போய், தானே மறந்துபோய் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, "உங்க பொண்ணு போட்ட நெட்டு. அத பத்தி ஊர்ல பேச்சு வேணாம்" என்றாராம். அதன்பிறகு கல்யாண டிசைன் கேட்டு அவரிடம் வருபவர்கள் குறைந்துபோனார்கள். இரண்டு வருடத்தில் வீட்டைக் காலி செய்தார். பிறகு அவர் காலமான செய்திதான் வந்தது.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். தையல் டிசைன்களை அவள் போனிலேயே விலைக்கு வாங்கி, அச்செடுத்துத் தைக்கிறாள். போன வாரம் தைத்து முடித்த பதினான்கு தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "துட்டு குடுத்து வாங்குனதுதானேப்பா? இத வித்துடவா?"

"போன்ல இருக்கறத என்ன பண்ணுவ?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். எடத்தயா அடைக்குது?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னேன். தாள்களைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லவே இல்லியாப்பா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னை மர்பி டவுனுக்கு அழைத்துப் போனாள். அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. ஐந்து வீடுகளில் விசாரித்தோம்; அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். அம்மா, நீங்களோ உங்கள் பெண்ணோ இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: டீச்சர் உங்களுக்குக் கொடுத்த வாக்கைத் தவறவில்லை. நகலெடுத்து விற்றது நான்.