தேன்பெட்டி திறந்த நாட்கள்

கல்யாணமாகி நாற்பதாம் நாள் சித்தப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். கன்னடியன் கால்வாய் ஓரம் எங்கள் தென்னந்தோப்பில் அவர் வளர்த்த மூன்று தேன்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சித்தியிடம் வந்தது. சித்தி சாத்தான்குளத்துக்காரி. தேனீயைப் பெட்டியில் வளர்ப்பார்கள் என்பதே எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை கொட்டு வாங்கி அப்பாவுக்கு முகம் வீங்கியதிலிருந்து வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. படம் தெரிகிற போன் அப்பாவிடம் ஒன்றுதான் இருந்தது. பெட்டி திறக்கிற நாளில் மட்டும் அது சித்தியின் கைக்கு வரும். சித்தப்பா அங்கிருந்து பார்த்துச் சொல்ல, சித்தி செய்வாள். போனைப் பிடிப்பது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

முதல் நாள் சித்தி ஈ வந்துபோகும் வாசலுக்கு நேரே நின்று மூடியைத் தூக்கிவிட்டாள். மணிக்கட்டில் இரண்டு கொட்டு. "பக்கவாட்டுல நில்லு. பைய, பைய" என்று போனுக்குள்ளிருந்து சித்தப்பா பதறினார். நாலைந்து தடவையில் பழகிவிட்டது. தேங்காய் நார்ப் புகையை லேசாகக் காட்டி, அடை கட்டிய சட்டங்களை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். வெயில் அடையின் சின்னச் சின்ன அறைக்குள் விழும்படி சாய்த்தால் அடியில் நூல் துணுக்கு மாதிரி முட்டை நிற்கும். அறைக்கு ஒன்று இருந்தால் ராணி நலம். புழு வெள்ளையாக, பளபளப்பாக இருக்க வேண்டும்.

"சட்டத்தக் கொஞ்சம் கீழ இறக்கு, சரியாத் தெரியல" என்பார் சித்தப்பா. இறக்கினால் சித்தியின் முகம்தான் தெரியும். நான் போனையும் இறக்கப் போனால், "வேண்டாம்ட்டி, அப்படியே பிடி" என்பார். ஒருநாள், "அந்த முகவலையக் கழட்டு, முட்டை நல்லாத் தெரியும்" என்றார். சித்தி கழற்றினாள். புருவத்தில் ஒன்று கொட்டியது. சிரித்துக்கொண்டே நின்றாள்.

எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தோம். "ஏட்டி, கிண்ணத்துல தண்ணி கொறஞ்சிருக்கு. கால்வாயில போயி மோந்துட்டு வா" என்று சித்தி பாதியில் அனுப்புவாள். போனைத் தென்னை மட்டையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் கிண்ணங்கள் நிறைந்துதான் இருக்கும்.

முதலில் ஞாயிறு மட்டும் போனோம். பிறகு புதனும். பிறகு வெள்ளியும்.

மூன்றாம் பெட்டியில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். ஐப்பசி மழையில் ஒரு வாரம் போக முடியவில்லை. அடுத்துப் போனபோது வாசலில் ஒரு ஈ இல்லை. உள்ளே வெற்று அடை, அதன்மேல் அந்துப்பூச்சி கட்டிய நூலாம்படை. கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போயிருந்தது. சித்தி சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அம்பையில் தேன்பெட்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரை அப்பா அழைத்து வந்தார். அவர் மற்ற இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு, "எத்தன நாளைக்கு ஒருக்க திறக்கிய, தாயி?" என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். என்னைச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"வாரத்துக்கு மூணு தடவ!" என்றேன் பெருமையாக.

அண்ணாச்சி சிரித்தார். "சும்மா சும்மா திறந்து பொகையப் போட்டா அது எப்படிக் குடியிருக்கும்? பதினஞ்சு நாளைக்கு ஒருக்க போதும்."

அப்பா அதையே உத்தரவாக்கிவிட்டார். சித்தி ஒரு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கோபம் என்று புரியவில்லை. மீதி இரண்டு பெட்டிகளும் தேறின. தை கழிந்து தேனும் எடுத்தோம். அவை என்னால்தான் பிழைத்தன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பிறகு பெட்டி திறக்காத ஞாயிறுகளில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, போன் கை மாறி வரும். சித்தியின் முறை வந்ததும் சித்தப்பா, "பெட்டி ரெண்டும் நல்லா இருக்கா?" என்பார்.

"நல்லா இருக்கு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு."

போன் அப்பாவிடம் திரும்பிவிடும். இவ்வளவு சீக்கிரம் முடிகிற பேச்சுக்கா அத்தனை நாள் வெயிலில் நின்று கை கடுக்கப் போனைப் பிடித்தேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.