படிக்காமல் போக வேண்டிய பரீட்சை

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பரீட்சையைக் கெடுத்தேன். என்னுடையதாக இருந்தால் பரவாயில்லை... என் மகளுடையது.

கயல் சேலத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பொலிட்டிகல் சயின்ஸும் சைக்காலஜியும் சேர்ந்த படிப்பு. சேர்த்தபோதே என் மனைவி கேட்டாள்: "அரசியலும் சைக்காலஜியும் நம்மூட்டுலயே தினம் நடக்குது. இதுக்கு பஸ் பாஸ் வேறயா?"

சைக்காலஜி பிராக்டிகலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு 'சப்ஜெக்ட்'டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதாவது, ஒரு மனிதர். சோதனை அவர் மேல்தான்.

"ஒண்ணுமே தெரியாத ஆளா இருக்கணும்ப்பா. அப்பத்தான் ரிசல்ட் சரியா வரும். உங்களத்தான் நெனச்சேன்."

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு உலக விஷயம் சொல்கிறவன் நான். சுருக்கென்று பட்டது.

அவள் குளிக்கப் போன நேரம் ரெகார்டு நோட்டைப் புரட்டினேன். காகிதத்தில் இரட்டைக் கோட்டு நட்சத்திரம். கையை ஓர் அட்டை மறைத்துவிடும். எதிரே கண்ணாடி. அதைப் பார்த்தபடியே, இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும் – பத்து முறை. புது ஆளுக்கு முதலில் கை தறிகெட்டு ஓடும். போகப் போகத் தேறும். தப்புகள் குறைந்துகொண்டே வருவதை கிராஃப் போட்டுக் காட்டினால் மகளுக்கு மார்க்.

நான் செய்ய வேண்டியது? தெரியாதவனாக இருப்பது. அதற்கு நமக்குத் தைரியம் ஏது? யாராவது வழி கேட்டால் "தெரியாதுங்க" என்றா சொல்கிறோம்? ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிடுவதில்லையா? நான்கு நாள் பீரோ கண்ணாடி முன் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டேன். மனைவி கேட்டபோது, "பத்திக்கு யோசிக்கறேன்" என்றேன்.

பரீட்சை நாள். ராசிபுரத்தில் பஸ் ஏறி, நேரத்துக்குப் போய்விட்டோம். லேபில் எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொன்னார்கள். நான் மனதுக்குள் நட்சத்திரம் போட்டேன்.

முதல் முறையே ஒரே ஒரு தப்பு. பெருமையாக நிமிர்ந்தால்... கயல் முகம் வெளுத்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே ஒன்று என்றால், அதற்கு மேல் எங்கே குறைவது? கிராஃப் போச்சு. மார்க் போச்சு. அரியர்.

சரி, உதவுவோம் என்று இரண்டாம் முறையிலிருந்து வேண்டுமென்றே தப்புப் போட ஆரம்பித்தேன். கிராஃப் ஏற்காடு பஸ் மாதிரி ஏறிக்கொண்டே போனது.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் ஒரு சிஸ்டர். கிராஃபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், வீட்ல போட்டுப் பாத்தீங்களா?"

அவர் தலைக்கு மேலே சுவரில் சிலுவை. பொய் வரவில்லை.

"நாலு நாள், சிஸ்டர்."

கயல் பேனாவை எடுத்தாள். 'சப்ஜெக்ட் முன்பயிற்சி செய்துவிட்டு வந்தவர். இரண்டாம் முறையிலிருந்து தெரியாதது போல் நடித்தார். ஆகவே இந்த முடிவு செல்லாது' என்று தொடங்கி அரைப் பக்கம். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

சிஸ்டர் படித்துவிட்டுக் கேட்டார்: "ஒரு லாபமும் இல்லாத இடத்துல ஒருத்தர் ஏம்மா இப்படிச் செய்யணும்?"

"வீட்ல எங்கம்மாதான் ஆளுங்கட்சிங்க சிஸ்டர். அப்பாவுக்கு ஜெயிச்சே பழக்கமில்ல. இங்கயாவது ஜெயிக்கலாம்னு வந்துட்டாரு."

"இது பொலிட்டிகல் சயின்ஸ் பதில்," என்றார் சிஸ்டர். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். "முடிவு தப்பா வரலாம். வந்தத அப்படியே எழுதியிருக்க பாரு..." மார்க்கைப் போட்டு, சுழித்துக் கையெழுத்திட்டார். நல்ல மார்க்தான். கயல் என் தோளில் ஒரு குத்து விட்டாள். கோபமா, கொண்டாட்டமா? இரண்டும்தான்.

கேன்டீனில் டீ. லேபில் பக்கத்து மேஜையில் சப்ஜெக்டாக உட்கார்ந்திருந்தவரும் வந்தார் – கயலின் தோழியுடைய அப்பா, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி டிரைவர். அவருக்கு முதல் நட்சத்திரம் நசுங்கிய தகர டப்பா மாதிரி வந்ததாம். கடைசி ஒன்று பிரமாதமாம். தோழிக்கும் நல்ல மார்க். நான் என் கதையை முழுக்கச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"ஏனுங்க, ஒண்ணுந் தெரியாத ஆளு வேணும்னுதான உங்களக் கூப்புட்டாங்க... அதுக்கு எதுக்குங்க நாலு நாளு ட்ரெயினிங்கு?"