நூறடி ரோடு தாராளமாக இருக்கிறது

அந்தத் தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சென்னையில் தனியார் எஃப்எம் வானொலிகள் வந்த புதிதில் நான் வேலை பார்த்த நிலையத்தில், மைக்குக்கு நேர் எதிரே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மேலாளர் தன் கைப்பட, பச்சை மையில் எழுதியது. ஏழு சாலைகளின் பெயர்கள்; கீழே ஒரே வரி: ‘இங்கெல்லாம் நெரிசல் கிடையாது.’ ஏழிலும் எங்களுக்கு விளம்பரம் தருகிறவர்களின் கடைகள் இருந்தன. நெரிசல் என்று சொன்னால் கடைக்கு ஆள் வராது, ஆள் வராவிட்டால் விளம்பரம் வராது, விளம்பரம் வராவிட்டால் நீ உன் சொந்த ஊர் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்று மேலாளர் எனக்குப் பொருளாதாரம் கற்பித்தார். நானும் முதல் பெஞ்சு மாணவனைப் போலத் தலையாட்டினேன்.

என் வேலை, காலையில் அரை மணிக்கு ஒருமுறை சென்னையின் போக்குவரத்து நிலவரம் சொல்வது. சென்னைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாதவன். தங்கியிருந்த மேன்ஷனிலிருந்து நிலையத்துக்குப் போகும் ஒரு பஸ் தடத்தைத் தவிர எனக்கு வேறு சாலை தெரியாது. கையில் இருந்ததெல்லாம் எஸ்டிடி பூத்துகள், பெட்ரோல் பங்குகள், டீக்கடைகளின் தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு நோட்டு. "அண்ணே, கொஞ்சம் வெளிய எட்டிப் பாருங்க, வண்டி ஓடுதா நிக்குதா?" என்று கேட்பேன். "நிக்குது" என்பார்கள். அந்த ஒரு சொல்லை எடுத்து, ‘வாகனங்கள் ஊர்ந்து செல்கின்றன, அன்பர்கள் பொறுமை காக்கவும்’ என்று பன்னீர் தெளித்துக் கொடுப்பேன். நான் கண்ணால் காணாத பாலங்களில் லட்சம் பேரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர்களும் திரும்பினார்கள், அதுதான் கொடுமை. என் குரலுக்கு அப்படி ஒரு கனம் இருந்ததாம். உடம்புக்கு அப்போது கிடையாது.

அந்தக் குரலை என்னைவிட அதிகம் நம்பியவர் என் மாமா, அம்மாவுடன் பிறந்த தம்பி. சொந்தமாக ஒரு வேன் வைத்து, ஓடைப்பட்டியிலிருந்து கோயம்பேடு மண்டிக்குத் திராட்சை லோடு அடித்துக்கொண்டிருந்தார். திராட்சை அவசரக்காரப் பழம். வெட்டிய மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் மண்டியில் இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே வெந்து சாறாகிவிடும். ஓடைப்பட்டித் தோட்டக்காரர்கள் வண்டியைப் பார்த்து லோடு ஏற்றுவதில்லை, டிரைவரைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். மாமா வண்டி என்றால் பெட்டி எண்ணிக்கையைக்கூடச் சரிபார்க்க மாட்டார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் மாமா ரேடியோவைத் திருகி என் குரலைப் பிடித்துவிடுவார். எனக்காக ஒரு ரேடியோவே வாங்கி டேஷ்போர்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

அன்று விளம்பரதாரர் ஒருவரின் புதிய ஜவுளிக்கடைக்கு நூறடி ரோட்டில் திறப்பு விழா. சினிமா நடிகை வருகிறார். விடிந்ததிலிருந்தே ரோடு அடைத்துக்கொண்டது. பெட்ரோல் பங்க்காரர் போனில், "தம்பி, மனுசன் நடக்கக்கூட எடமில்ல" என்று கத்தினார். நான் மேலாளரிடம் ஓடினேன். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலால் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வாயில் இட்லி இருந்ததால் பேசக்கூட இல்லை. நான் போய் உட்கார்ந்து, ‘நூறடி ரோடு தாராளமாக இருக்கிறது’ என்று சொன்னேன். ஏழு மணிக்குச் சொன்னேன், ஏழரைக்குச் சொன்னேன். எட்டு மணிக்குச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

திண்டிவனத்தில் டயர் பஞ்சராகி, மாமா அன்று ஏற்கெனவே தாமதம். வழக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு பைபாஸில் போகிறவர், அன்று நேரம் மிச்சமாகும் என்று நூறடி ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். ரோட்டின் முனையிலேயே, தூரத்தில் வண்டிகள் நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர். ஆனாலும் அக்கா மகன் தாராளமாக இருக்கிறது என்கிறானே, முன்னால் நிற்பது ஏதாவது சிக்னலாக இருக்கும் என்று உள்ளே விட்டுவிட்டார். மூன்றரை மணி நேரம். பின்னால் பெட்டிகளிலிருந்து சாறு சொட்டித் தார் ரோட்டில் ஓடியிருக்கிறது. முன்னால் நான் அரை மணிக்கொரு தரம் தாராளம், தாராளம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து ஆட்டோக்காரர் என் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல, மாமா இறங்கிப்போய் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்.

மதியம் மாமா நிலையத்துக்கு வந்தார். வேட்டியெல்லாம் ஊதா. கையில் ஒரு பெட்டி, நசுங்காத கொத்துகளாகப் பொறுக்கி அடுக்கியது. மேலாளரிடம் நீட்டி, "எங்க மாப்ளய நல்லாப் பாத்துக்கங்கய்யா" என்றார். மேலாளர் இரண்டு கொத்து தின்று, "நல்ல ஸ்வீட்" என்று சான்றிதழும் கொடுத்தார். வாசலில் வைத்து நான் கேட்டேன், "எந்த வழியா வந்தீக மாமா?"

"நீ சொன்ன வழியாத்தான்" என்றார்.

ஊருக்குப் போய் அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. "திண்டிவனம் பக்கத்துல வண்டிய ஓரங்கட்டித் தூங்கிட்டேன்" என்று தோட்டக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்; அந்த வாரமே அம்மா போனில் சொன்னாள். பஞ்சர் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு மூன்றரை மணி நேரம் கணக்கு வராது என்று அவர்களுக்குத் தெரியும். ரோட்டு அடைப்பு என்றால், "ஒங்க மாப்ள ரேடியோவுல சொல்லலியா?" என்பார்கள். என் பெயர் கெடக்கூடாது என்று, ஒரு டிரைவர் தன்னைப் பற்றிச் சொல்லவே கூடாத அந்த ஒன்றைச் சொன்னார். தூங்குகிற டிரைவருக்கு யார் லோடு கொடுப்பார்கள்? நாலு மாதத்தில் வேனை விற்றார். கம்பத்தில் ஓர் உரக்கடையில் மூட்டை தூக்கப் போனார். நான் அந்த நாலு மாதத்தில் ஊருக்கு இரண்டு முறை வந்தேன். ஓடைப்பட்டி அரை மணி பஸ் பயணமா, முக்கால் மணியா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

இப்போது நான் தேனியில் இருக்கிறேன். நகைச்சுவையாக எழுதுகிறவன் என்று பெயர். மேடையில் ஏறினால் வாய் திறக்குமுன்பே சிரிக்கிறார்கள். போன மாதம் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாணம். அந்தப் பழைய தோட்டக்காரர்களில் ஒருவர், தலையெல்லாம் வெளுத்தவர், பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் மாமாவைக் கண்டுவிட்டார். "இந்தா, நம்ம தூங்குமூஞ்சி டிரைவர் வந்துட்டாக! ஆத்தா, அவருக்கு மொதல்ல காப்பியக் குடுங்க, எலையிலயே சாஞ்சிரப் போறாக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். இத்தனை வருடமாக இந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: பச்சை மை, இட்லி, நடிகை, என் தாராளம். "அவர் தூங்கலைய்யா! பொய் சொன்னது நான்!" என்று கத்தினேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. தோட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரேடியோக்காரரு எப்பிடிக் கத கட்டுறாரு பாருங்க! மாமன விட்டுக்குடுக்க மாட்டாரு" என்றார். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மாமா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"ஏலே, இத அன்னைக்கே ஓடைப்பட்டிக்கு வந்து சொல்லியிருந்தா எனக்கு லோடு கெடச்சிருக்கும். நீ அங்கன வந்து நிப்பேன்னு எத்தன நாளு பாத்தேன் தெரியுமா? இன்னைக்கு இங்கன வந்து சொல்லி யாருக்குலே என்ன? ஒனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும், அம்புட்டுத்தேன்."

உள்ளே அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா போய் உட்கார்ந்தார். எந்த விசேஷமானாலும் பக்கத்து இலையில் துண்டைப் போட்டு, "மாப்ளே, இங்கன வா" என்று கூப்பிடுகிறவர். அன்று துண்டு அவர் தோளிலேயே இருந்தது. அந்த இலையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.