ஒரு படி தவிடு

அமிர்தவல்லியை ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோவிந்தசாமி, செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே முப்பது வருஷமாக மனு எழுதுகிறவன். நான் எழுதினால் ஒரு வரிகூட வீண்போகாது என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல்தான் வினையாகிப் போனது.

அமிர்தவல்லி எங்கள் தெருக்காரி. இரண்டு எருமை, விடிந்தால் வீடுவீடாகப் பால். பால் தண்ணீராக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எருமையையே ஓட்டிவந்து அவர்கள் வாசலில் கட்டிவிட்டு, "நீயே கறந்துக்கோ" என்பாள். அவள் பெற்ற பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இப்போது அவளிடம் வளர்வது நிலா, ஏழு வயசு. பெற்ற பிள்ளையும் இல்லை, சொந்தமும் இல்லை.

பக்கத்து வீட்டு வெண்மதிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த மாசத்திலேயே போய்விட்டன. மூன்றாவதாக நிலா பிறந்ததும் எங்கள் பக்கத்தில் செய்வதைச் செய்தார்கள். குழந்தையை முறத்தில் போட்டு, பிள்ளைகள் உயிரோடு தங்கிய வீட்டுக்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வது. பிள்ளை இனி வேறொருத்தியுடையது, எமன் இந்த வீட்டில் வந்து தேடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. ஆணோ பெண்ணோ, அடையாளத்துக்கு மூக்கைக் குத்தி, அன்றைக்கே பெற்றவளிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். நிலாவை அப்படி வாங்கியவள் அமிர்தவல்லி. பிள்ளை தங்கியது. ஆனால் அதற்கு மூன்று வயசானபோது வெண்மதியும் புருஷன் எழிலனும் திண்டிவனம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். காரியம் முடிந்த அன்று அமிர்தவல்லி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்துக் கேட்டார்கள். எழிலனின் அண்ணன் சிவசங்கர், எங்கள் ஊரிலேயே வளர்ந்து, பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பாரிசுக்குப் போய், அந்த நாட்டுக்காரனாகவே ஆகிவிட்டவன். அவனுக்கும் மனைவி ரஞ்சனிக்கும் பிள்ளை இல்லை. தம்பி மகளுக்குத் தங்களைச் சட்டப்படி பாதுகாவலர்களாக்கி, கூட்டிப்போக அனுமதி தரவேண்டும் என்று விழுப்புரம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். இருவரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணே, அவங்களுக்கு ரத்த சொந்தம் இருக்குது. எனுக்கு இன்னா இருக்குது? நல்லா எழுது," என்றாள் அமிர்தவல்லி.

பதில் மனு எழுதினேன். 'மேற்படி குழந்தையை நான் ஒரு படி தவிடு கொடுத்து முறைப்படி வாங்கியிருக்கிறேன்.' இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இலவசமாக வாதாட வந்த வக்கீல் வேலைக்குப் புதுசு. படித்தும் பார்க்காமல் அப்படியே கோர்ட்டில் கொடுத்துவிட்டார்.

விசாரணை நாள் அமாவாசை. பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு வேனைப் பிடித்து, நிலாவோடு நாங்கள் மூவரும் மூச்சிரைக்க கோர்ட்டுக்குள் நுழைந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் என் காகிதத்தைத்தான் கையில் பிடித்திருந்தார். சென்னைக்காரர்.

"குழந்தையை வாங்கினேன்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இது குழந்தை விற்பனை, கிரிமினல் குற்றம்!"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கினீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா."

அடிப்பாவி, இல்லையென்று சொல்லேன்!

"என்ன கொடுத்தீங்க?"

"ஒரு படி தவிடு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "இதைப் போலீஸ்தான் விசாரிக்கணும். அதுவரைக்கும் குழந்தை உங்ககிட்ட இருக்க முடியாது. இன்னைக்கே காப்பகத்துக்கு அனுப்ப வேண்டி வரும்." வாசலில் நின்ற பெண் போலீஸ் நிமிர்ந்து பார்த்தாள். நிலா என் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என் கை ஒடிந்து போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அமிர்தவல்லி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கோட்டுப் போட்ட சிவசங்கரின் பக்கம் திரும்பினாள்.

"சிவசங்கரு, உன் மூக்குல இன்னா வடு? உன்ன எத்தினி படிக்கு வித்தாங்கன்னு அய்யாகிட்ட சொல்லு."

அவன் கை தானாக மூக்குக்குப் போனது. வக்கீல் அவன் தோளை அழுத்தினார். அவன் எழுந்துவிட்டான்.

"என்ன ரெண்டு படிக்குக் குடுத்தாங்கய்யா. எனக்கு முன்ன ஒண்ணு தவறிப்போச்சி. இது விக்கிறது இல்ல, பொழைக்க வைக்கிறது." வக்கீலைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தான். "வாங்கினவங்க அம்மாக்கண்ணு. எங்கம்மா வயல்ல இருந்தா அவங்கதான் ஊட்டுவாங்க. அவங்க செத்தப்ப நான் பாரிசுல இருந்தேன், வரல."

"யாராச்சும் வந்து உன்னத் தூக்கினு போறேன்னு கேட்டிருந்தா அந்தம்மா குடுத்திருக்குமா?" என்றாள் அமிர்தவல்லி.

அவன் ரஞ்சனியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சரியென்று மெல்லத் தலையை அசைத்தாள்.

"மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்யா. பொண்ணு அந்தக்காகிட்டயே இருக்கட்டும். அவங்களப் பாதுகாவலரா போட எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போலீஸ் விசாரணை தேவையில்லை, அமிர்தவல்லியே பாதுகாவலர் என்று உத்தரவு எழுதினார். வெளியே வந்ததும், "இனிமே எம்பேர்ல ஒரு வரி எழுதின, பேனாவ ஒடிச்சி எருமைக்குப் போட்டுடுவேன்," என்றாள் என்னிடம். ஏச்சு அவ்வளவு இனிப்பாக எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிவசங்கரும் ரஞ்சனியும் கூடவே வந்தார்கள். சிமெண்டு பெஞ்சில் ரஞ்சனி முகத்தைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். அமிர்தவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிலாவைத் தூக்கி அவள் மடியில் உட்காரவைத்தாள்.

"வெச்சிக்கோம்மா, பஸ் வர்ற வரைக்கும்."

நிலா அவள் வளையலைத் தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கினாள். செஞ்சி பஸ் வந்தது. நான் பையை எடுத்தேன்.

"ஒரே கூட்டம்ணே, அடுத்ததுல போலாம்," என்றாள் அமிர்தவல்லி.

பஸ்ஸில் பாதி சீட் காலி. நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.